கடவுளால முடியாதது ஏதாவது இருக்கா?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். உங்க அக்கா பையன் ஆறு வயசுல டெங்கு வந்து நாலே நாள்ல போயிட்டான், துக்கத்துக்கு வந்த பெரியம்மா ஒருத்தங்க "அவன் நினைச்சா எல்லாம் முடியும், அவன் நினைக்கல"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, அந்த வார்த்தை அக்காவை தூங்க விடமாட்டேங்குது. இந்தப் பக்கம் ஆபீஸ் நண்பர் "எல்லாம் வல்ல கடவுளால தன்னாலயே தூக்க முடியாத கல்லைப் படைக்க முடியுமா"ன்னு கேட்டு உங்களை மடக்கிட்டார். எல்லா மதமும் கடவுள் சர்வ வல்லமை உள்ளவர்னு ஒரே மாதிரிதான் சொல்லுதா, அப்படின்னா ஏன் காப்பாத்தல, அக்காகிட்ட நான் என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க. நான் சைவக் குடும்பத்துல பொறந்து சித்தாந்த வகுப்புக்குப் போய் படிச்சவன், அப்புறம் பல வருஷம் காலேஜ்ல தத்துவப் பாடம் எடுத்தவன், அதனால எனக்குத் தெரிஞ்சதை மறைக்காம சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

கல்லு கேள்வியை முதல்ல முடிச்சிடுவோம், அது சுலபம். 13ஆம் நூற்றாண்டுல இருந்த கிறிஸ்தவ இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் இதுக்கு சொன்ன பதில்தான் இன்னைக்கும் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் சொல்ற பதில். முரண்பாடுங்கிறது ஒரு காரியமே இல்ல, வட்டமான சதுரம்னு வாயால சொல்லலாமே தவிர அப்படி ஒரு பொருள் கிடையாது, அதனால கடவுளால அதை செய்ய முடியாதுன்னு சொல்றதை விட அதை செய்யவே முடியாதுன்னு சொல்றதுதான் சரி. பிரெஞ்சு தத்துவவாதி தேக்கார்த் இதை ஏத்துக்கல. 1630ல எழுதின கடிதங்கள்ல அவர் கணக்கோட உண்மைகளையே கடவுள்தான் ஒரு ராஜா சட்டம் போடற மாதிரி போட்டு வெச்சாருன்னு சொல்றார், அதாவது அவர் நினைச்சிருந்தா அதெல்லாம் வேற மாதிரி இருந்திருக்கும். இதுக்கு 1964ல ஹாரி ஃபிராங்க்ஃபர்ட்ங்கிற அமெரிக்க தத்துவவாதி அழகா ஒண்ணு சொன்னார், லாஜிக்கை மீறி தூக்க முடியாத கல்லை படைக்க முடியும்னு வெச்சுக்கிட்டா, அதே மாதிரி லாஜிக்கை மீறி அந்தக் கல்லை தூக்கவும் முடியும், ஒரு அசாத்தியத்தை ஒத்துக்கிட்டவன் இன்னொண்ணை ஏன் மறுக்கணும். ஆக எந்தப் பக்கம் போனாலும் உங்க நண்பர் கேள்வி நிக்காது. அவர்கிட்ட இதை சொல்லிடுங்க, ஆனா அக்கா வீட்டுப் பக்கம் இந்தக் கல்லை எடுத்துட்டு போகாதீங்க, அங்க கேள்வியே வேற.

எல்லா மதமும் ஒரே மாதிரி சொல்லுதான்னா, இல்ல. வெளியில பார்த்தா எல்லாரும் "எல்லாம் வல்லவன்"னு சொல்ற மாதிரி இருக்கும், உள்ள போய்ப் பார்த்தா ஒவ்வொருத்தரும் அந்த "எல்லாம்"ங்கிற சொல்லைச் சுத்தி ஒரு இடத்துல கோடு போட்டிருப்பாங்க. சிலர் லாஜிக்ல போடுவாங்க, சிலர் வினையில போடுவாங்க, சிலர் கடவுளோட குணத்துலயே போடுவாங்க, சிலர் கோடே வேண்டாம்னுவாங்க. நான் இத்தனை வருஷம் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, கோடு எங்க போடறாங்கங்கிறதைப் பொறுத்துதான் ஒரு குழந்தை செத்தா பழி யார் மேல விழும்ங்கறது முடிவாகுது. அதை வெச்சுதான் நான் ஒவ்வொண்ணையும் பார்க்கறேன்.

கோடே வேண்டாம்னு சொன்னவங்கள்ல ரொம்ப நேர்மையானவங்க இஸ்லாத்துல அஷ்அரிகள்ங்கிற சிந்தனைக் கூட்டம். 10ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பஸ்ராவுல அபுல் ஹசன் அல் அஷ்அரின்னு ஒருத்தர், அவர் முதல்ல முஃதஸிலாங்கிற இன்னொரு இஸ்லாமிய சிந்தனைக் கூட்டத்துல இருந்தவர், ஜுப்பாயிங்கிறவர்தான் குரு. முஃதஸிலாக்கள் என்ன சொன்னாங்கன்னா கடவுள் நீதியானவர், மனுஷனுக்கு எது நல்லதோ அதை செய்யறது அவருக்குக் கடமை, அந்தக் கூட்டத்துல நஸ்ஸாம்னு ஒருத்தர் இன்னும் மேல போய் கடவுளுக்கு அநியாயம் பண்ற சக்தியே கிடையாதுன்னார். இங்க சிஷ்யன் குருவைக் கேட்டதா ஒரு கதை சொல்லுவாங்க. மூணு அண்ணன் தம்பிங்க, ஒருத்தன் நல்லவனா வாழ்ந்து செத்தான், ஒருத்தன் கெட்டவனா செத்தான், ஒருத்தன் குழந்தையிலயே செத்தான். குழந்தை கடவுளைக் கேக்குது, என்னை வளர விட்டிருந்தா நானும் நல்லது செஞ்சு மேல போயிருப்பேனே. கடவுள் சொல்றார், நீ வளர்ந்தா கெட்டுப்போவேன்னு எனக்குத் தெரியும், அதான் உன் நல்லதுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டேன். உடனே நரகத்துல இருந்து கெட்டவன் கத்தறான், அப்ப என்னை மட்டும் ஏன் குழந்தையிலயே எடுத்துக்கல. குருகிட்ட பதில் இல்லையாம். அஷ்அரி எடுத்த முடிவு, கடவுளுக்கு எந்தக் கடமையும் கிடையாது, அவர் செய்யறதுதான் நியாயம், நம்ம நியாயத் தராசை அவர் மேல வைக்க முடியாது. அஷ்அரியோட சிந்தனை வழியில வந்த கஸாலிங்கிற அறிஞர் பஞ்சை நெருப்புல வெச்சா எரியுதே, எரிக்கறது நெருப்பு இல்ல, இறைவன்தான்னு எழுதினார். அவரே கூட முரண்பாடான காரியத்துக்கு மட்டும் சக்தி பொருந்தாதுன்னு ஒத்துக்கிட்டவர்தான். குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்புல "எல்லாப் பொருட்களின் மீதும் பேராற்றலுடையவன்"னு வரும், வட்டச் சதுரம் ஒரு பொருளே இல்லன்னா அது அந்த "எல்லா"வுக்குள்ள வராது, சரியாப் போச்சு.

உங்க பெரியம்மா சொன்னாங்களே "அவன் நினைக்கல"ன்னு, அவங்களுக்கே தெரியாம அவங்க இந்த அஷ்அரி பக்கம்தான் நிக்கறாங்க. இந்தப் பக்கத்துல ஒரு பெரிய பலம் இருக்கு, எத்தனையோ பேரை அது தாங்கிப் பிடிச்சிருக்கு, "அவன் கொடுத்தான் அவன் எடுத்துக்கிட்டான்"னு சொல்லி எழுந்து நின்னவங்களை நான் பார்த்திருக்கேன். ஆனா அதை பறிகொடுத்தவங்க தானா சொல்லணும். வெளியில இருந்து வந்தவங்க சொன்னா அது தாங்கறதில்ல, குத்துது.

கிறிஸ்தவத்துல இந்த சொல்லே ஒரு பயணம் பண்ணியிருக்கு. ஆதியாகமம் 17ல ஆபிராம்கிட்ட "நான் சர்வவல்லமையுள்ள தேவன்"னு வருது இல்லையா, எபிரேயத்துல அது எல் ஷத்தாய், அந்தச் சொல்லுக்கு உண்மையில என்ன அர்த்தம்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. லத்தீன்ல அது ஓம்னிபோடென்ஸ் ஆச்சு, எல்லாம் செய்ய வல்லவர். கிரேக்கத்துல யோபு புத்தகத்துலயும் அப்புறம் நைசியா விசுவாச அறிக்கையிலயும் பான்தோக்ரதோர்னு வருது, அதுக்கு எல்லாத்தையும் ஆள்றவர், தாங்கிப் பிடிக்கறவர்ங்கற அர்த்தம்தான் முதல்ல. ஆள்றதும் எதை வேணா செய்யறதும் ஒண்ணு இல்ல. அந்த பைபிள்லயே தேவனால பொய் சொல்ல முடியாது, தன்னைத் தானே மறுதலிக்க முடியாதுன்னும் எழுதியிருக்கு. பழைய கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் இதை வெச்சுதான் சொன்னார், கடவுளால சாக முடியாது, ஏமாற முடியாது, இதெல்லாம் பலவீனம், இது முடியாததுனாலதான் அவர் வல்லவர். இங்க கோடு கடவுளோட குணத்துல விழுது.

இதுவரைக்கும் பேசினது அறைக்குள்ள உக்காந்து பேசற பேச்சு. வெளியில நடந்ததைப் பாருங்க. 1755 நவம்பர் 1, போர்ச்சுகல்ல லிஸ்பன் நகரத்துல எல்லாப் புனிதர்கள் திருநாள், காலைல சர்ச் எல்லாம் கூட்டம், அப்பத்தான் பூகம்பம் வந்து கூரைங்க விழுந்தது, அதுக்கப்புறம் கடல் பொங்கி வந்துச்சு. ஐரோப்பாவுல இந்தக் கேள்வி அதோட மாறிப்போச்சு. நமக்கு அது 2004 டிசம்பர் 26 சுனாமி. வேளாங்கண்ணியில கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, கடற்கரை பூரா யாத்திரை வந்த ஜனங்க. கோயிலுக்குள்ள தண்ணி வரல, மாதா காப்பாத்துனாங்கன்னு நிறைய பேர் மனசு உருகி சொல்றாங்க, அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா மணல்ல நின்ன குழந்தைங்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவங்கதானே, இதைக் கேக்காம இருக்க என்னால முடியல. 1934 ஜனவரியில பீகார் பூகம்பம் வந்தப்ப காந்தி அது தீண்டாமைங்கிற பாவத்துக்கு கடவுள் கொடுத்த தண்டனைன்னார், தீண்டாமையை எதிர்த்துப் போராடிக்கிட்டிருந்த தாகூரே அதை ஏத்துக்காம, இயற்கையில நடக்கறதுக்கு இயற்கையிலதான் காரணம்னு எழுதினார். காந்தி மேல எனக்கு மரியாதை ரொம்ப உண்டு, இந்த விஷயத்துல தாகூர் சொன்னதுதான் சரி. எல்லாமே அவன் செயல்னு ஆரம்பிச்சா செத்தவங்களை குத்தவாளி ஆக்கற இடத்துலதான் போய் நிப்போம்.

இப்ப நம்ம ஊர் பக்கம் வருவோம், இங்கதான் எனக்கு சொல்ல நிறைய இருக்கு.

வேதாந்தத்துல இந்தக் கேள்வி ரொம்ப பழசு. வேதாந்தத்தோட அடிப்படை நூலான பிரம்ம சூத்திரம் ரெண்டாம் அத்தியாயத்துல நேரடியாவே வருது, ஒருத்தன் சுகமாவும் ஒருத்தன் கஷ்டத்துலயும் பொறக்கறானே, அப்ப ஈஸ்வரனுக்குப் பாரபட்சமும் இரக்கமில்லாத்தனமும் இருக்குன்னு ஆகாதா. பதில், ஆகாது, ஏன்னா அவன் சும்மா படைக்கல, உயிர்களோட வினையைப் பார்த்துதான் படைக்கறான். சங்கரர் இதுக்கு மழையை உவமை சொல்றார், மழை எல்லாத்துக்கும் பொதுவாத்தான் பெய்யுது, நெல்லு நெல்லா முளைக்கறதும் யவம் (பார்லி) யவமா முளைக்கறதும் விதையைப் பொறுத்தது. முதல் வினை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, சம்சாரத்துக்கு ஆரம்பமே கிடையாதுன்னு அடுத்த சூத்திரம் சொல்லுது. கவனிச்சீங்களா, இங்க கோடு வினையில விழுந்துடுச்சு, ஈஸ்வரன் வினையைத் தாண்டி எதுவும் பண்றதில்ல. துவைத வேதாந்தம் சொன்ன மத்வருக்கு இது பிடிக்கல, வினையும் காலமும் உயிரும் எல்லாமே அவன் அருள் இருந்தாத்தான் நிக்கும், அவன் மட்டும்தான் சுதந்திரன், மீதி எல்லாம் அவனைச் சார்ந்ததுன்னு சொல்லி சக்தியைக் காப்பாத்தினார். அதுக்கு அவர் கொடுத்த விலை, சில உயிர்கள் என்னைக்குமே கரையேறாதுன்னு சொல்ல வேண்டி வந்தது.

சைவ சித்தாந்தம் இன்னொரு வழியில போச்சு. திருக்குறள்ல "எண்குணத்தான்"னு வர்ற இடத்துக்கு பரிமேலழகர் உரை எழுதும்போது சைவ ஆகமத்துல சொன்ன எட்டு குணத்தை வரிசையா சொல்றார், அதுல ஒண்ணு முடிவிலாற்றல் உடைமை. பேரருள் உடைமையும் அதே பட்டியல்ல இருக்கு. ஆக சிவனுக்கு சக்திக்கும் குறைவில்ல, கருணைக்கும் குறைவில்ல. ஆனா அதே சித்தாந்தம் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டியிருக்கற கட்டு) மூணுமே அனாதி, ஆரம்பம் இல்லாததுன்னு சொல்லுது, திருமூலரே சொல்லிட்டார். இதோட அர்த்தம் என்னன்னு நிறைய பேர் நின்னு யோசிக்கறதில்ல. சிவன் உயிர்களைப் படைக்கல! உயிரை மூடியிருக்கற அழுக்கான ஆணவ மலத்தையும் அவன் படைக்கல. நெல்லுக்கு உமி மாதிரி, செம்புக்கு களிம்பு மாதிரி அது உயிரோட என்னைக்கும் ஒட்டிக்கிட்டே இருக்கு, அதை நீக்கறதுக்குத்தான் அவன் ஐந்தொழில் பண்றான். நான் முதல் தடவை வகுப்புல இதைக் கேட்டப்ப ஆசிரியர்கிட்ட எழுந்து கேட்டேன், ஐயா முடிவில்லாத ஆற்றல் இருக்கறவன் அந்தக் களிம்பை ஒரே நொடியில ஏன் எடுக்கக்கூடாது. அவர் கோவப்படல, சூரியன் ஒண்ணுதான், அது முன்னாடி ஒரு தாமரை மொட்டா இருக்கு, ஒண்ணு விரியுது, ஒண்ணு வாடுது, சூரியனுக்கு சக்தி பத்தலையா தம்பின்னு திருப்பிக் கேட்டார். பக்குவம் வரணும், அது வரைக்கும் அவன் காத்திருக்கான்.

அந்த பதில் என்கூட இத்தனை வருஷமா இருக்கு, ஏன்னா அதுல சக்திங்கறதுக்கு அர்த்தமே மாறிடுது. கட்டாயப்படுத்தி செய்ய வைக்கறது ஒரு சக்தி, வெயில் மாதிரி எல்லார் மேலயும் விழுந்து ஒவ்வொண்ணையும் அதது விரியற நேரத்துல விரிய வைக்கறது இன்னொரு சக்தி. ஆனா நம்ம பக்தி மரபு இதோட நிக்கல. அவிநாசியில முதலை விழுங்கின பிள்ளையை சுந்தரர் பாடி மீட்டார்னு பெரியபுராணம் சொல்லுது, மயிலாப்பூர்ல சாம்பலா இருந்த பூம்பாவையை சம்பந்தர் எழுப்பினார், திருக்கடையூர்ல மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனையே உதைச்சார். இதைக் கேட்டு வளர்ந்த ஒரு தாய் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேக்காம எப்படி இருப்பா? சித்தாந்தத்தோட சூரியன் வேற, திருக்கடையூர் சாமி வேற, ரெண்டையும் ஒரே கோயில்ல வெச்சு கும்பிடறோம், அந்த இடைவெளியிலதான் உங்க அக்கா இப்ப நிக்கறாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், என் மரபுல நான் பிரிஞ்சு நிக்கற இடம் இது. வினையில கோடு போட்டா கடவுள் தப்பிச்சுக்கறார், பழி குழந்தை மேல விழுது, போன ஜென்மத்துல என்ன பண்ணுச்சோன்னு. ஆறு வயசுப் பிள்ளை டெங்குல செத்தா அதுக்குக் காரணம் ஏடிஸ் கொசு, தேங்கின தண்ணி, ஒருவேளை ரெண்டு நாள் லேட்டா புரிஞ்சுக்கிட்ட ஜுரம். அந்தப் பிள்ளையோட கணக்குல பழைய பாவம்னு எழுத எனக்குக் கை வராது, எந்த நூல் சொன்னாலும் வராது. அறுவை சிகிச்சை பண்ற டாக்டர் கத்தி வைக்கற மாதிரி இது மறக்கருணை, அதாவது கடுமையா வர்ற கருணைன்னு சொல்லுவாங்க, உயிரோட நீண்ட பயணத்தை நினைச்சு சொன்ன வார்த்தை அது, துக்க வீட்டுல சொல்றதுக்கு இல்ல.

கடவுளோட சக்தியிலயே நேரடியா கை வெச்சவங்களும் இருக்காங்க, அவங்க ரெண்டு பேருமே பறிகொடுத்தவங்க. ஹான்ஸ் யோனாஸ்னு ஒரு ஜெர்மன் யூத தத்துவவாதி, அவர் அம்மாவை நாஜிகளோட ஆஷ்விட்ஸ் முகாம்ல கொன்னுட்டாங்க. 1984ல ஜெர்மனியில ட்யூபிங்கன்ல பேசும்போது சொன்னார், நன்மை, சர்வ வல்லமை, நமக்குப் புரியற தன்மை, இந்த மூணும் ஒண்ணா ஒரு கடவுள்கிட்ட இருக்க முடியாது, ரெண்டுதான் இருக்கலாம், நான் சர்வ வல்லமையை விட்டுடறேன். ஆஷ்விட்ஸ் நடந்த வருஷங்கள்ல கடவுள் பேசாம இருந்தது விரும்பாததால இல்ல, அவரால முடியாததாலன்னார். 16ஆம் நூற்றாண்டுல சஃபேத் ஊர்ல இருந்த யூத ஞானி ஐசக் லூரியா மரபுல ஒரு கருத்து உண்டு, உலகத்துக்கு இடம் விடறதுக்காக கடவுள் தன்னைத்தானே சுருக்கிக்கிட்டார்னு, யோனாஸ் அதைத்தான் இன்னும் தூரம் கொண்டு போனார். இன்னொருத்தர் ஹெரால்ட் குஷ்னர், அமெரிக்காவுல யூத குரு, அவர் பையன் ஆரனுக்கு குழந்தையிலயே முதுமை வர்ற ப்ரோஜீரியாங்கிற நோய், 14 வயசுல செத்துட்டான். 1981ல அவர் எழுதின புத்தகத்துல பைபிள்ல நல்லவனா இருந்தும் எல்லாத்தையும் பறிகொடுத்த யோபு கதையை எடுத்துக்கிட்டு, கடவுள் எல்லாம் வல்லவர், கடவுள் நியாயமானவர், யோபு நல்லவன், இந்த மூணையும் ஒண்ணா நம்ப முடியாதுங்கறார். யோபுவோட நண்பர்கள் யோபு நல்லவன்ங்கறதை விட்டாங்க, குஷ்னர் சர்வ வல்லமையை விட்டார். நோயை அனுப்பறவர் கடவுள் இல்ல, அதைத் தாங்கற தைரியத்தைக் கொடுக்கறவர்தான் கடவுள்னு சொன்னார்.

இதை எதிர்க்கறவங்க கேக்கறது நியாயமான கேள்விதான், காப்பாத்த முடியாத கடவுளை எதுக்குக் கும்பிடணும். ஐ.சி.யூ. வாசல்ல நிக்கறவங்களுக்கு காப்பாத்தறவர்தான் வேணும், கூட உக்காந்து அழறவர் போதாது. எனக்கு அந்தக் கேள்வி இன்னும் வலிக்குது. ஆனாலும் என்னைக் கேட்டா, முடிஞ்சும் செய்யாதவர்னு ஒருத்தரை நம்பறதை விட, வெயில் மாதிரி இருக்கறவர், நம்ம கூட வாடறவர்னு நம்பறதுதான் எனக்கு முடியுது, சித்தாந்த ஆசிரியர் சொன்ன சூரியனும் குஷ்னர் சொன்ன துணையும் என் மனசுல இப்ப ரொம்ப தூரத்துல இல்ல. வைதீகமா படிச்சவங்க இதை ஒத்துக்க மாட்டாங்க, முடிவிலாற்றலை நான் குறைச்சுட்டேன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும்.

படைச்சவர்னு ஒருத்தர் இல்லன்னு சொன்ன பௌத்தருக்கும் சமணருக்கும் இந்தச் சிக்கலே கிடையாது, அவங்க இதே கேள்வியை வெச்சுதான் மத்தவங்களை நூற்றாண்டுக்கணக்கா மடக்கினாங்க. கடவுளை நம்பறவங்களும் கோவப்படலாம், அதுக்கு நம்ம மொழியிலயே இடம் இருக்கு. பிச்சை எடுத்துத்தான் உயிர் வாழணும்னா இந்த உலகத்தை இயற்றினவன் அலைஞ்சு கெடட்டும்னு வள்ளுவர் சாபமே விடறார். புறநானூறு 194ல பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டுல சாவுப் பறை, பக்கத்து வீட்டுல கல்யாண முழவு, ஒருத்தி பூ வெச்சிருக்கா, ஒருத்தி கண்ணீர் விடறா, இப்படிப் படைச்சவன் பண்பில்லாதவன்னு நேராவே சொல்லிட்டார்.

அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. மேல எழுதினதுல எதையும் இப்ப சொல்லாதீங்க, இது உங்களுக்கு எழுதினது. காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினப்புறம் வீடு வெறிச்சுன்னு இருக்கும், அப்ப போய் நாலு நாள் தங்குங்க. பையன் பேரை சொல்லிப் பேசுங்க, அவன் பண்ண சேட்டையெல்லாம் பேசுங்க, பேரை எடுத்தா அழுவாங்கன்னு பயந்து எல்லாரும் பேரையே விட்டுடறாங்க, அது அவங்களுக்கு ரெண்டாவது தடவை பறிகொடுக்கற மாதிரி. பூஜை ரூம் கதவை சாத்தியே வெச்சிருந்தா திறக்கச் சொல்லாதீங்க. "சாமிக்குக் கண்ணில்லை"ன்னு திட்டினா வாயைப் பொத்தாதீங்க, நன்கணியார் திட்டினதை ரெண்டாயிரம் வருஷமா பத்திரமா வெச்சிருக்கோம், அக்கா திட்டறதையும் கேட்டுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருங்க.